ஸுலைஹாவின் குசினி

கலேவெலயிலிருந்து வந்த பஸ் மாத்தளையில் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சாலிஹ் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மஸூதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனாள். இருவருக்கும் நிக்காஹ் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"குசினி எந்தப் பக்கம்?"

சாலிஹ் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டின் பின்பக்கத்தைக் கைகாட்டினார்.

மஸூதாவுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. படுக்கையில் விழுந்த வாப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போனதே தெரியவில்லை. வாப்பா மௌத்தான பிறகு கூடப்பிறந்த நானாவின் வீட்டில் இருந்தாள். அங்கே அடுப்படி மதினி பீபியுடையது. மிளகாயை எந்தத் தகரத்தில் கொட்டுவது என்பதைக்கூட மதினியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தனக்கென்று ஒரு குசினி இருந்தால் எதை எங்கே வைப்போம் என்று நினைத்துக்கொண்டேதான் பல நாள் அவள் கண்ணயர்வாள். அரிசி மூட்டை இங்கே, விறகு அங்கே, வெங்காயப் பின்னல் அந்தக் கூரை வளையில் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

சாலிஹுக்குக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் கொக்கோவும் வாங்கி விற்கும் வியாபாரம். வீட்டின் நடு அறையில்கூடச் சாக்குகள் கிடந்தன. அந்த வாசனை சுவரில், தலையணையில், அவருடைய இடுப்புச் சாரத்தில் எல்லாம் ஏறியிருந்தது. முதல் மனைவி ஸுலைஹா காய்ச்சலில் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. விடியுமுன் எழுந்து, விளக்கைக்கூட ஏற்றாமல் தானே ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு சுபஹ் தொழப் பள்ளிக்குப் போவார். மஸூதாவை எழுப்ப மாட்டார்.

குசினியைப் பார்த்த மஸூதா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்படி ஒரு ஒழுங்கை அவள் எங்கும் கண்டதில்லை. வலைக்கதவு போட்ட அலுமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் நிரப்பிய சிரட்டைகளில் நின்றன. எறும்பு ஏற வழியில்லை. சீனித் தகரத்துக்குள் எறும்பை விரட்ட நாலைந்து கராம்பு. அரிசியில் காய்ந்த வேப்பிலை. உப்பு கசியாமலிருக்க அதன் ஜாடி அடுப்பின் சூடு படும் தட்டில். அகப்பைகள் நீளத்துக்கேற்ப வரிசையாக ஆணிகளில் தொங்கின. ஸுலைஹா சற்றுமுன் கையைத் துடைத்துவிட்டு வெளியே போனது போல இருந்தது.

ஆனால் அந்தக் குசினி மஸூதாவுக்கு ஒத்துழைக்கவில்லை.

தேங்காய் துருவ உட்கார்ந்தால் வலது முழங்கை சுவரில் இடித்தது. வெங்காயம் நறுக்கினால் ஜன்னல் வெளிச்சத்தில் அவளுடைய கையின் நிழலே வெங்காயத்தின் மேல் விழுந்தது. பேக்கரிப் பாண் வெட்டினால் துண்டு கோணலாகச் சரிந்தது. அகப்பையை எடுக்கக் கொதிக்கிற பானைக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டியிருந்தது. சமையல் தெரியாதவள் போல அவள் தடுமாறினாள். மதினி சொல்லிக்கொண்டிருந்தது சரிதானோ, எனக்கு ஒரு குசினியை ஆளத் தெரியாதோ என்று தோன்றியது.

ஒரு நாள் பின்னேரம் துணிந்து சிலவற்றை இடம் மாற்றினாள். உப்பு ஜாடியையும் தேயிலைத் தகரத்தையும் வலப்பக்கத் தட்டுக்குக் கொண்டுவந்தாள். துருவலைப் பலகையை ஜன்னலோரம் நகர்த்தினாள். மனசுக்கு இதமாக இருந்தது. மறுநாள் காலையில் குசினிக்குள் போனபோது உப்பு ஜாடி பழைய தட்டில் இருந்தது. தேயிலைத் தகரமும்தான். துருவலை மூலையில் சுவரை ஒட்டிக் கிடந்தது.

அவள் மறுபடி மாற்றினாள். அவை மறுபடி திரும்பிப் போயின.

சாலிஹிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. என்னவென்று கேட்பது? அந்த நாட்களில் மலையிலிருந்து இறங்கும் மூட்டம் குசினி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பாத்திரங்களுக்கு நடுவில் நின்றது. கலேவெலயின் வெயிலில் வளர்ந்தவளுக்கு அது புதிது. பகலிலேயே கண் செருகும். அடுப்பின் முன்னால் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது தனக்குப் பின்னால் யாரோ மெதுவாக நடந்து தகரங்களைச் சரிபார்ப்பது போல இருக்கும். அவளுக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அழைக்காமல் இன்னொருத்தியின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போன்ற வெட்கம். "கோவிச்சுக்காதீங்க ராத்தா" என்று ஒரு நாள் புகையைப் பார்த்து, மூத்தவளிடம் சொல்வது போலச் சொல்லியும்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை உக்குவளையிலிருந்து ரயிலில் கைறுன்னிஸா வந்தாள். ஸுலைஹாவின் தங்கை. ஒரு பை நிறைய ஈரப்பலாக்காயும் வல்லாரையும் கொண்டு வந்திருந்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் மஸூதா நினைத்தாள். சோற்றுப் பானையை அவசரமாக வடிக்க எடுத்தாள். வடிக்கிற சட்டி இடப்பக்கம் இருந்தது. உடம்பைத் திருப்பிச் சாய்த்தபோது பானை வழுக்கி, கொதிகஞ்சி பாதத்தில் கொட்டியது.

கைறுன்னிஸா ஓடிவந்து அவளை வாளியருகே உட்கார வைத்துக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"தேய்க்காதீங்க. எரிச்சல் அடங்கட்டும். என்னத்துக்கு இந்தப் பக்கமாத் திரும்பி வடிச்சீங்க?"

"சட்டி அங்கதானே இருக்கு."

"அங்க வெச்சது யாரு?"

"ராத்தா வெச்சது. நான் எதையும் மாத்தல்ல." மஸூதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "மாத்தினாலும் நிக்குதில்ல. அவங்களுக்கு என்னைப் பிடிக்கல்ல போல."

கைறுன்னிஸா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். குசினியைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். ஆணிகள், தட்டுகள், மூலையில் துருவலை. பிறகு அவளுடைய முகம் மெல்ல இளகியது.

"உங்களுக்கு யாருமே சொல்லல்லயா? எங்கட ராத்தா இடக்கைக்காரி."

மஸூதா நிமிர்ந்தாள்.

"சோறு தின்னுறது மட்டும் வலக்கையால. உம்மா அடிச்சுப் பழக்கினது. மத்த வேலை எல்லாம் இடக்கைதான். வெட்டுறது, கிண்டுறது, துருவுறது எல்லாம். கத்தியைக்கூட அவ தனக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கமாத் தீட்டி வெச்சிருப்பா. ராத்தா மௌத்தான நேரம் நான் இங்க வந்து சமைச்சேன். எனக்கும் முழங்கை தோல் உரிஞ்சு போச்சு." அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவ ஒருத்தரையும் வெறுக்கத் தெரியாதவ. வேற கைக்காகச் செஞ்ச குசினி இது, அவ்வளவுதான்."

மஸூதா தன் வலது கையைப் பார்த்தாள். பாதம் எரிந்துகொண்டிருந்தாலும் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அன்று பகல் முழுவதும் இருவரும் குசினியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஈரப்பலாக்காய் வெட்டும்போது கையில் பால் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும் என்று கைறுன்னிஸா சொன்னாள். உளுந்தில் வண்டு விழாமலிருக்கக் காய்ந்த மிளகாய் இரண்டு போட்டால் போதும் என்று மஸூதா சொன்னாள். கைறுன்னிஸா பின்னேர ரயிலுக்குப் புறப்படும்போது, "எல்லாத்தையும் மாத்துங்க. அவ இருந்தா அவளே மாத்தித் தந்திருப்பா" என்று கையைப் பிடித்துச் சொன்னாள்.

ஆனால் பொருட்கள் ஏன் திரும்பிப் போகின்றன என்பது கைறுன்னிஸாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு படுக்கப் போகுமுன் மஸூதா உப்பு ஜாடியையும் தேயிலைத் தகரத்தையும் துருவலையையும் மறுபடி இடம் மாற்றி வைத்தாள்.

பாதத்தின் எரிச்சலில் மறுநாள் மஸூதாவுக்கு விடியுமுன்பே விழிப்புத் தட்டியது. குசினியில் மெல்லிய சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்றாள். ஜன்னலில் சாம்பல் நிறமாக வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. மூட்டத்துக்குள் சாலிஹ் நின்றிருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. கேத்தல் அடுப்பில் முனகியது. அவருடைய கை தேயிலைத் தகரத்தைத் தேடி இடப்பக்கம் போனது, இல்லை. வலப்பக்கம் தடவிக் கண்டெடுத்தது. தேயிலையைப் போட்டுவிட்டு, தகரத்தை இடப்பக்கத் தட்டில் வைத்தார். உப்பு ஜாடியில் கை பட்டதும் அதையும் எடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தார். துருவலை காலில் இடித்தது. குனிந்து மூலைக்குத் தள்ளினார். தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிறவர் போல இருந்தது எல்லாம்.

"நீங்களா?" என்றாள் மஸூதா.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன?"

"நான் மாத்தி வெக்கிறதை எல்லாம் திருப்பி வெக்கிறது."

"நானா? நான் ஒண்ணையும் தொடல்லயே." சொல்லிக்கொண்டே தன் கையைப் பார்த்தார். அது உப்பு ஜாடியின் மூடியில் இருந்தது. கேத்தல் பொங்கி நெருப்பில் சிந்தியது.

"எனக்குத் தெரியாது மஸூதா. சத்தியமாத் தெரியாது. கை தன்பாட்டுல போகுது."

அவருடைய முகத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு விடியலும் இந்த மனிதர் இருட்டில் நின்று, பார்க்காமலே, ஒருத்தியின் கை விட்டுப்போன இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போயிருக்கிறார்.

"அவங்க இடக்கைக்காரியாம். கைறுன்னிஸா சொன்னா."

"ஓம். அது தெரியும். ஆனா அதாலதான் உனக்குக் கஷ்டம்னு யோசிக்கவே இல்ல." அவளுடைய பாதத்தைப் பார்த்தார். "இதுவும் அதாலயா?"

அவள் தலையாட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாலிஹ் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, "சொல்லு, எது எங்க?" என்று குசினி நடுவில் நின்றார். இத்தனை வருஷம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததை மஸூதா வாய்விட்டுச் சொன்னாள். அவர் ஆணிகளைப் பிடுங்கி மறுபக்கம் அடித்தார். மேசையைத் திருப்பிப் போட்டார். கத்தியைக் கொல்லனிடம் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்தார். விறகை நனையாத மூலைக்கு மாற்றினார். சில தகரங்களைத் தூக்கும்போது கொஞ்சம் நின்றார், அவள் அவசரப்படுத்தவில்லை. கராம்பையும் வேப்பிலையையும் சிரட்டைத் தண்ணீரையும் மஸூதா மாற்றவில்லை. அவை எந்தக் கைக்கும் பொதுவானவை.

மறுநாள் விடியுமுன் அடைமழை. ஓட்டின் மேல் விழும் சத்தத்தில் மஸூதா கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். குசினியில் ஒரு தகரம் விழுந்தது. ஒரு மூடி உருண்டது. பிறகு குரல் கேட்டது.

"மஸூதா, சீனி எங்க?"

"ஜன்னலுக்குப் பக்கத்துல, ரெண்டாந் தட்டு."

"ஒண்ணும் தெரியல்ல. விளக்கைக் கொஞ்சம் கொண்டுவாயேன்."

அவள் விளக்கோடு போனாள். அவர் சிதறிய தேயிலைக்கு நடுவில் சங்கடப்பட்டு நின்றிருந்தார். இரண்டு கோப்பைகளை எடுத்து அவளே பிளேன்டீ ஊற்றினாள். மழையில் பள்ளிக்குப் போக வழியில்லை. குடித்து முடித்து, கைகால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டு, சாக்குகளை ஒதுக்கிப் பாயை விரித்து, அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக நின்று தொழுதார்கள். ஏலக்காய் வாசனையோடு மெதுவாக விடிந்தது.