இழுத்தவன் சுஐபு, விட்டவள் ஜுனைதா

சுஐபு இழுக்கிற பீடியின் புகை அவன் மனைவி ஜுனைதாவின் மூக்கு வழியாக வெளியே வந்தது. கல்யாணமான மறுமாதம், ஐம்பதாம் வருஷம், இது தொடங்கியது. அந்த வருஷம்தான் திருவாடானைப் பக்கம் மழை பொய்த்து நெல் விலை ஏறியது. அவன் கரையில் நின்று பற்றவைப்பான். பீடி நுனியில் கங்கு தெரியும், புகை தெரியாது. அதே நேரம் வீட்டில் மீன் அலசிக்கொண்டிருக்கும் ஜுனைதாவின் மூக்கிலிருந்து இரண்டு வெள்ளை இழைகள் இறங்கும். முதல் தடவை அவள் பயந்து முக்காட்டை உதறினாள். மழைக்காலம் வருவதற்குள் ஊருக்கே பழகிவிட்டது.

சுஐபுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. வாயில் நாற்றம் கிடையாது, சட்டையில் வாடை கிடையாது. காற்றுக்கு அணையாமலிருக்கப் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்து இழுப்பது தோணிக்காரர் வழக்கம். அப்படி மறைத்துக்கொண்டு தன் வாப்பாவின் எதிரிலேயே நின்று இழுத்தான், அவருக்குத் தெரியவில்லை. கேட்பார் இல்லாததால் ஒரு கட்டு இரண்டு கட்டாயிற்று. ஜுனைதாவுக்கு இருமல் வந்தது. டாக்டர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பீடியை விட்டுரணும்மா" என்றார். "சொல்லிப் பாக்குறேன்" என்று அவள் திரும்பி வந்தாள். சொல்லியும் பார்த்தாள். சுஐபிடம் பதில்களுக்குப் பஞ்சமில்லை. கடலில் குளிர், வேலையில் கவலை, சேக்காளிகள் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எல்லாம் தீர்ந்தபோது, "இழுக்குறதுதான் நான். விடுறது நீ. நீ விடாம இருந்து பாரேன்" என்றான். இப்படிப் பேசவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

தெருப் பெண்களுக்கோ அவள் மூக்கு பெரிய உபகாரமாக இருந்தது. சுஐபு தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவன். ஆடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனால், திரும்பும்வரை ஒரு தகவலும் கிடையாது. மற்ற ஊர்ப் பெண்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். இந்த ஊர்ப் பெண்கள் ஜுனைதாவைப் பார்க்க வந்தார்கள். தோணியில் வேலை பார்த்த கூத்தையாவின் மனைவி பூமயில் விடிந்ததும் வந்து நிற்பாள். "அக்கா, புகை வந்துருச்சா?" என்பாள். ஜுனைதா இருமிக்கொண்டே, "இப்பத்தான் வந்துச்சு, போயிச் சோறாக்கு" என்பாள். பூமயில் நிம்மதியாகப் போவாள். இருமலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஐம்பத்து மூன்றில் மலிகா பிறந்தாள். குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயம், ஒரு சாயங்காலம் தோணி கிளம்ப இருந்தது. சுஐபு கொல்லைப் பக்கம் நின்று ஒன்றை இழுத்துக்கொண்டே, சொல்லிவிட்டுப் போக உள்ளே வந்தான். பால் குடித்துக்கொண்டிருந்த மலிகாவின் மூக்கிலிருந்து நூல் கனத்தில் ஒரு புகை வந்தது. சளியைத் துடைப்பது மாதிரி ஜுனைதா அதை முந்தானையால் துடைத்தாள். வெட்கத்தில் செருப்பைக்கூட மறந்து கரைக்குப் போனான்.

கரை மறைந்ததும் இருந்த கட்டுகளை எல்லாம் கடலில் போட்டான். மறுநாளே ஆடுகளைத் திட்டினான், பாய்க்கயிற்றின் நுனியைக் கடித்து மென்றான். யாழ்ப்பாணத்தில் சரக்கு இறங்கிய பிறகு தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டு, தோணி திரும்ப வழியில்லாமல் கிடந்தது. வாரங்கள் போயின. பீடிக் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒருநாள் கூத்தையா ஒன்றைப் பற்றவைத்தே கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணே, ஒரே ஒரு தம். அங்கன பொம்பளைக நம்மள செத்துட்டோம்னு நெனச்சுருவாளுக."

"ஏலே, எம் பிள்ளை மூக்குல வருதுலே."

"எம் பொண்டாட்டி தாலிய அத்துருவாண்ணே."

"வந்து அவ கால்ல விழுறேன். இதை அணை."

கூத்தையா அணைக்க மனமில்லாமல் தானே இழுத்து முடித்தான். அவன் புகை அவன் மூக்கிலேயே வந்தது.

ஊரில் அவன் பயந்தபடியே ஆயிற்று. புகை நின்று ஒரு மாதம் ஆனதும் தோணி போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். பூமயில் தாலியைக் கழற்றினாள். பள்ளிவாசலில் பாத்திஹா ஓதினார்கள். ஜுனைதா வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பாராமல் வீட்டுக்குள் இருக்கும் விதி அது. இருமல் அடியோடு நின்றிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது, அந்த மூச்சை வைத்துத்தான் அவள் அழுதாள். இரண்டும் சேர்ந்து வந்தது அவளுக்கே அவமானமாக இருந்தது.

காற்று மாறி, தோணி வந்து சேர்ந்தது. கூத்தையாவுக்கு வேறு அடையாளம் எதுவும் கிடையாது என்பதால் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள், மறுநாளே தாலி ஏறியது. சுஐபு பூமயில் காலில் விழப் போனான், அவள் விடவில்லை. ஆனால் சுஐபுக்கு முகம் போதவில்லை. கடலில் செத்தவர்கள் பேயாகி, வெறும் முகத்தோடு திரும்பி வருவது அந்தக் கரையில் எப்போதாவது நடப்பதுதான். ஊர்ப் பெரியவர் ஹமீது சுல்தான் அவனை வாசலிலேயே நிறுத்தி, பீடியும் தீப்பெட்டியும் கொடுத்தார்.

"ஒரு இழுப்பு இழுத்துக் காட்டு தம்பி. உள்ள ஜுனைதாவுக்கு வந்துச்சுன்னா நீ சுஐபு. போயிச் சோறு தின்னு."

திரைக்குப் பின்னால் ஜுனைதா மலிகாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிற்பவன் யார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. புகை வரட்டும் என்று துஆ கேட்டாள், வர வேண்டாம் என்றும் கேட்டாள். சுஐபு பீடியை மோந்து பார்த்தான். உடம்பு முழுக்க அதைக் கேட்டது. வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"வேணாம் காக்கா. நான் மௌத்தானவனாவே இருந்துட்டுப் போறேன்."

ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இறந்தவன் உயிரோடிருப்பதற்கு விதி எதுவும் அகப்படவில்லை. இத்தா முடித்த பெண் மறுமணம் செய்துகொள்ள விதி இருந்தது. மிச்ச நாள்களைச் சுஐபு தோணியிலேயே படுத்துக் கழித்தான், பூமயில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். இத்தா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, சுஐபின் விதவையைச் சுஐபு நிக்காஹ் செய்துகொண்டான். மணப்பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரும் புதிதாகக் கொடுத்தான்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷத்திலும் ஊரில் அவனை மௌத்தான சுஐபு என்றுதான் கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பான். பீடி ஆசை மட்டும் போகவே இல்லை. அது வரும்போதெல்லாம் ஜுனைதாவுக்கு மூக்கு நமைக்கும். அவன் வீட்டில் இருக்கிற நாளென்றால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "என்னங்க, பொரிகடலை வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கங்க." அவன் வந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு போவான்.