கல்லறையிலிருந்து சேலம் போன டப்பா

என் மனைவி இசபெல்லாவின் பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த அன்று, தர்மபுரியில் ஆபரேஷன் செய்த டாக்டர் அதை மருந்துத் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். சேலத்தில் டாக்டர் வெண்மதியிடம் சேர்க்க வேண்டும். வயிற்றிலும் குடலிலும் வரும் புற்றுநோயை நுண்ணோக்கியில் ஆராய்வதுதான் அவர் வேலை.

நான் சேர்க்கவில்லை. பஸ் நிலையத்தில் என் மாமியார் சகாயமேரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துட்டு குப்பையிலதான போடுவாங்க மாப்ள? ஞானஸ்நானம் வாங்குன உடம்புங்க. ஒரு துண்டானாலும் சாமியார் மந்திரிச்ச கல்லறை மண்ணுக்குத்தான் போவணும்."

நோய் இன்னதென்று முன்பே தெரிந்துவிட்டது, இனி இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. மாமியார் ஊரான பொம்மிடியின் கல்லறையில், மாமனாரின் குழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டோம்.

ஒன்பதாம் நாள் டாக்டர் வெண்மதியே போன் செய்தார்.

"இசபெல்லான்னு முப்பத்தெட்டு வயசு அம்மாவோட குடல் வரணும்னு காத்திருக்கேன். எங்க சார் அது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பொதைச்சிட்டோம் மேடம்."

"டப்பாவோடவா?"

"டப்பாவோடதாங்க."

"மூடி இறுக்கமா இருந்துச்சா?"

"டேப் சுத்தியிருந்தேங்க."

"அப்ப கெட்டிருக்காது. தோண்டிக் கொண்டாங்க. எனக்கு வேண்டியது கொஞ்சம். மிச்சத்த உங்க கையிலயே திருப்பித் தர்றேன். நானும் தர்மபுரி பக்கம் அதியமான்கோட்டைக்காரிதான், எனக்குப் புரியுதுங்க."

கேட்டுக்கொண்டிருந்த இசபெல்லா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னையத் தவணை முறையில பொதைக்கிறீங்களா?"

சேலத்தில் அந்த டப்பாவை டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் ஆராய்ந்தவர்களின் தசைத்துணுக்குகள், மெழுகுக் கட்டிகளாக அறை முழுக்க அலமாரிகளில் இருந்தன. "சின்ன வயசுலயே இது ஏன் வருதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். சொன்னபடியே மிச்சத்தைத் திருப்பித் தந்தார். மறுபடி அதே குழியில் வைத்தோம்.

பிறகு முடிவு வந்தது. "இது குடும்பத்துல இறங்கி வர்ற வகை மாதிரி தெரியுது. அவங்க அப்பா எப்படிப் போனாரு?" என்று கேட்டார் டாக்டர்.

அல்சர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமியார் அன்றுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். நாற்பத்தொரு வயதில் இதே நோய். மகள் கல்யாணம் தடைபடும் என்று மறைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய்.

மாமியாருக்கு இன்னொரு பிள்ளை இருந்தான், இசபெல்லாவின் தம்பி. ஆரோக்கிய பிரவீன், முப்பத்தொரு வயது. அவனை உடனே பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். பாப்பிரெட்டிப்பட்டியில் பெண் நிச்சயமாகியிருந்த நேரம்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. டெஸ்ட்டுன்னு தெரிஞ்சாலே பொண்ணு வூட்ல நிறுத்திடுவாங்க."

"செத்துப்போனா மட்டும் நடத்துவாங்களாடா?" என்றாள் இசபெல்லா.

அவன் அசையவில்லை. அவள் தன் கீமோ மாத்திரைகளை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள். "நீயே வெச்சிக்க. நீ போய்ட்டு வந்தாத்தான் நான் முழுங்குவேன்."

இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தான். மூன்றாம் நாள் போனான். கேமரா விட்டுப் பார்த்ததில் குடலுக்குள் இரண்டு சதை வளர்ச்சி. அங்கேயே நீக்கினார்கள். அவற்றையும் டாக்டர் வெண்மதிதான் ஆராய்ந்தார். ஒன்று புற்றாக மாறத் தொடங்கியிருந்த நிலையாம். "தப்பிச்சாருங்க. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதும்" என்று போனில் சொன்னார். பெண் வீட்டாரிடம் பிரவீனே போய் உண்மையைச் சொன்னான். கல்யாணம் நின்றுபோகவில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போனது.

இசபெல்லா அந்தக் கல்யாணத்தைப் பார்த்தாள். அதற்குப் பதினான்கு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய மெழுகுக் கட்டிகளை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டபோது, நான் பேனாவை எடுப்பதற்குள் மாமியார் சொன்னார்: "வெச்சிக்கட்டுங்க. இன்னும் யாரு பெத்த புள்ளைக்காவது ஆவும்."

டாக்டரை நான் மூன்று முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். சரியாக நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. பிரவீனின் இந்த வருடப் பரிசோதனை போன வாரம் வந்தது. குடலைக் கழுவும் மருந்தைக் குடிக்கச் சொன்னால் அவன் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளிக்கிறான்.

"ரெண்டு லிட்டர் மாமா! மனுசன் குடிப்பானா இத?"

"குடிடா" என்றேன். அவன் புலம்பிக்கொண்டே ராத்திரி வரை கழிப்பறைக்கு நடந்தான். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.