மாமி கேட்ட புழு

ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வீரமலையிடம் ஒரு கத்தரி விதைகூட இல்லை. மண்ணச்சநல்லூரில் முக்கால் ஏக்கர் கத்தரி போட்டு, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி முனையில் சாக்கு விரித்து இருபத்திரண்டு வருஷமாக விற்கிற மனிதனுக்கு இதைவிடக் கேவலம் வேறு வேண்டாம். அந்தக் கேவலத்தை வலியப் போய் வாங்கிக்கொண்டவனும் அவனேதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு விதைக் கம்பெனி ஆள் வந்து பாக்கெட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தான். காய்த்தது பாருங்கள், செடி தாங்காமல். வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வெள்ளைவரிக் கத்தரியின் விதையை மனைவி பவுனம்மாள் சாம்பலில் புரட்டி ஒரு பாட்டிலில் வைத்திருந்தாள். "இது இனிமே எதுக்கு, கொட்டிடு" என்றான். அவள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுக் கொட்டினாள். காலி பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாள்.

அடுத்த வருஷம் கம்பெனிக் காயிலிருந்து தானே விதை எடுத்து விதைத்தான். ஒரு செடியில் ஊதாக் காய், ஒன்றில் பச்சை, ஒன்றில் கோலிக்குண்டு அளவு, ஒன்று பூவோடு சரி. விதைக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டான். "இதுல விதை எடுத்து வைக்க முடியாதுங்க. வருஷா வருஷம் பாக்கெட்தான் வாங்கணும்" என்றார் கடைக்காரர். வாங்கினான். இந்த வருஷம் கேட்டால், கம்பெனி அனுப்பவில்லை, எப்போது வருமென்றும் தெரியாது என்கிறார். தன் நிலத்தில் எது விளைய வேண்டும் என்பதை எங்கோ ஏசி ரூமில் ஒருவன் முடிவு செய்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இந்த லட்சணத்தில் ஆனந்தவள்ளி மாமி வேறு. அதே வீதியில் அவனிடம் காய் வாங்குபவள்; பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டையரானவள். அவளுக்கும் வீரமலைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பவுனம்மாள் விதைக்கென்று ஒதுக்கியிருந்த மஞ்சள் காய் ஒன்று முன்பொரு நாள் எப்படியோ கூடையில் விழுந்து மாமியின் பைக்குப் போய்விட்டது. மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "வித்த காயை மாத்தித் தர்றதில்லீங்க" என்றான் அவன். அன்றிலிருந்து, "முத்தின காயைத் தலையில கட்டினவன்தானே நீ" என்று தொடங்காமல் அவள் பேரம் பேசியதில்லை.

இந்த சீசனில் அவளுக்கு வாட்ஸப்பில் புது விஷயம் கிடைத்திருந்தது.

"புழுவைக் கொல்ற சரக்கை விதைக்குள்ளயே வெச்சுடறாளாமே, வீரமலை?"

"அந்த மாதிரிக் கத்தரிக்கு நம்ம நாட்டுல அனுமதியே இல்லைன்னு விவசாய ஆபீஸ்ல சொல்றாங்க மாமி."

"அனுமதி இல்லாததெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்காதாக்கும். உன் பாக்கெட்ல என்ன எழுதியிருக்கு?"

பாக்கெட்டில் இருந்தது இங்கிலீஷ். வீரமலை அதைப் படித்ததில்லை. மாமி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். புழுத் துளை உள்ள காய்தான் வாங்குவாள். புழு சாப்பிட்டால் மனுஷாளும் சாப்பிடலாம். அவளைப் பார்த்து எட்டு வீடுகளில் அதே சட்டம் வந்தது.

வீரமலை தோட்டத்திலோ மருந்தடித்து மருந்தடித்துப் புழுவின் வம்சமே இல்லை. நல்ல காய் கேட்பாரில்லாமல் மீந்து போயிற்று. இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சாக்கு தைக்கிற ஊசியை எடுத்து, கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, காய்க்கு ஒரு குத்து வீதம் குத்தினான்.

மாமி ஆறு காய் பொறுக்கினாள். பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து ஆறையும் அங்கேயே நறுக்கினாள். பாங்கில் கள்ளநோட்டு பிடித்த கை அது.

"ஆறுலயும் துளை இருக்கு. புழு எங்கே, வீரமலை? வெளியூர் போயிருக்கா?"

பக்கத்துப் பூக்கடையில் சிரித்தார்கள். வீரமலை தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜப் புழு போட்ட துளை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கோ, வா" என்று அவனைத் தன் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனாள்.

மாடியில் வரிசையாகப் பழைய பெயின்ட் டப்பாக்கள். அவற்றில் கத்தரிச் செடிகள். காம்பில் முள், உடம்பில் வெள்ளை வரி. இருபது வருஷம் தினமும் பறித்த காயை அவனுக்குத் தெரியாதா?

"இது ஏது மாமி?"

"நீ மாத்தித் தர மாட்டேன்னியே, அந்தக் காய்தான். கோபத்துல தொட்டியில விட்டெறிஞ்சேன், முளைச்சுது. வருஷா வருஷம் ஒரு காயைப் பழுக்க விட்டுண்டிருக்கேன்."

வீரமலை வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டான். பாட்டிலைக் கொட்டியது முதல் விதைக்கடை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். ஊசியைப் பற்றியும் சொன்னான். மாமி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"நார்த்தங்காய் நன்னா இருந்துதா?" என்றாள் கடைசியில்.

"கசப்புங்க."

செடியில் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கிய ஒரே காயைப் பறித்து அவன் கையில் வைத்தாள்.

"முத்தின காய். மாத்தித் தர மாட்டேன்."

வீரமலைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அதை மறைக்க அவன் மெனக்கெடவில்லை. பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போது இரண்டு தடவை சட்டைக்குள் கைவிட்டுக் காய் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஒரு காயின் விதை முக்கால் ஏக்கருக்கு எங்கே காணும்? நாலு வரிசைக்கு வரும். நாலு வரிசை நின்றால் அடுத்த ஆடிக்கு யார் கடைவாசலிலும் நிற்க வேண்டாம். பவுனம்மாள் ஊறுகாயை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு, அந்த பாட்டிலைக் கழுவிக் காயவைத்தாள்.

ஆடி முதல் நாள் விதைத்துவிட்டு, மறுநாள் காலை வீரமலை மாமி வீட்டு வாசலில் நின்றான். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"விதைங்க. கொஞ்சம் உங்ககிட்டயும் இருக்கட்டும் மாமி."

"என்கிட்டதான் செடியே இருக்கே. எதுக்கு?"

"மறுபடியும் எவனாவது இலவசமா ஒரு பாக்கெட் கொடுத்தா, நான் இதைக் கொட்டச் சொன்னாலும் சொல்லுவேன்."

மாமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லுவே" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.