அரைப் பேர்

சசிரேகா முதலில் பார்த்தது காலைத்தான். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள். அதற்குள் கை பாதி வேலையைச் செய்து முடித்திருந்தது.

குன்னூர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அந்த வலது கால் வீங்கிக் கிடந்தது. கணுக்காலிலிருந்து கெண்டைச் சதை வரை சிவந்து, மினுமினுத்து, தொட்டால் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி சுட்டது. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கி, அதன் மேல் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு, கேத்தியில் தன் கேரட் தோட்டத்துச் சேற்றில் திரிந்திருக்கிறார் மனிதர். குளிர்க்காய்ச்சலில் பல்லடிக்கத் தொடங்கிய பிறகுதான் மனைவி மருதாம்பாள் வண்டி பிடித்தாள்.

சசிரேகா பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். இந்த நோய் அப்படித்தான், எல்லை போட்டு வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

"ஏனுங்க சிஸ்டர், கோலம் போட்டது போதுமுங்க. வெரசா ஊசியப் போட்டு உடுங்க. தோட்டத்துல ஆளுக நிக்குது."

பேனா நின்றுவிட்டது. அந்த 'வெரசா'வை அவள் தெருவில் கேட்டிருந்தாலும் அடையாளம் கண்டிருப்பாள். நிமிர்ந்தாள். மீசை நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் ஆள் அவர்தான். அம்மா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துச் சூப்பர்வைசர் மாரப்பன்.

அவருக்கு இவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு இவள் பள்ளிக்கூடப் பாவாடையில், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றவள்.

அம்மா ராக்கம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கப்பலேறி வந்து, இங்கே நீலகிரியிலும் தேயிலைச் செடிக்கு நடுவிலேயே வளர்ந்தவள். ஒரு நாள் காலையில், கவாத்து செய்து கிளை வெட்டிய செடிக் கட்டையின் கூர் அவள் காலில் ஏறிவிட்டது. மறுநாள் கால் வீங்கிச் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று போய்க் கேட்டாள். மாரப்பன் சிரித்தார். "ஒரு குச்சி குத்துனதுக்கு ஆஸ்பத்திரியா? மத்தியானத்தோட போனா அரைப் பேருதான், பாத்துக்க." முழு நாள் வேலை செய்தவருக்குப் பேர் என்று போடுவார்கள், பாதியில் போனவருக்கு அரைப் பேர். அரை நாள் கூலி. ராக்கம்மா போகவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரு காலை இழுத்துக்கொண்டே கொழுந்து பறித்தாள். கடைசியில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிப் போனபோது, முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. முன்னமே வந்திருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்கும் என்று சொன்னார் டாக்டர்.

கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்கப் போனாள். மாரப்பன் ஆபீசுக்குள் கூப்பிடவில்லை. "நிக்கட்டும்" என்றார். சாயங்காலம் பாக்டரிச் சங்கு ஊதும்வரை மழையில் நிற்க வைத்து, பிறகு "வேலை இல்லை, போ" என்றார். ஒற்றைக் காலில் நின்ற அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சசிரேகா.

அந்தக் கைதான் இப்போது மாரப்பனின் நரம்பில் ஊசியை ஏற்றியது.

மருந்து வான்கோமைசின். டாக்டர் காயத்ரி எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு மணி நேரத்துக்குக் குறையாம, மெதுவா" என்று சொல்லிப் போனார். அதைச் சசிரேகாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரமாக இறங்கினால் உடம்பு நெருப்பாகிவிடும், ரத்த அழுத்தம் சரிந்துவிடும். குழாயில் இருக்கும் சின்ன உருளையை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். யாருக்கும் தெரியாது. விரல் அந்த உருளை மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சொட்டைச் சரிபார்த்து, கையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "ம்மா, மாரப்பன் வந்திருக்கான். எங்க வார்டுல. வலது காலு."

ராக்கம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். "போயிருமா?"

"கவனிச்சா போகாது."

"நீதான் கவனிக்கிறியா?"

"ஆமா." சசிரேகா செருப்பை உதறிக் கழற்றினாள். "கவனிக்காம விட்டா என்னம்மா? அவன் பண்ணதத்தானே நானும் பண்றேன்?"

ராக்கம்மா கட்டையை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போனாள். கீழே ரோடு வரைக்கும் கல்படிகள், ஈரமும் பாசியுமாய். அவள் அவற்றில் இறங்கி வருஷக்கணக்காகிறது.

"கூறுகெட்டவளே, காலு போனா அவனும் என்னாட்டம் ஒரு மூலைல குந்திக்குவான். பாக்குற சனமெல்லாம் ஐயோ பாவம்னு சொல்லும். நான் என்னத்தக் கண்டேன்? அந்தக் காலு நல்லாகணும். இந்தப் படி அத்தனையும் ஏறி வந்து என் வாசல்ல அவன் நிக்கணும். நிக்க வை. அதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சேன்."

மறுநாளிலிருந்து அந்த வார்டில் மாரப்பனைப் போல் கவனிப்புப் பெற்ற நோயாளி இல்லை. இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று மறுபடி மறுபடி கேட்டாள். தலையணைக்கு அடியிலிருந்த வலி மாத்திரை அட்டையைப் பிடுங்கினாள்.

"அது என்ன பண்ணுச்சுங்க உங்கள? வலிக்குதுங்க!"

"இந்த மருந்தோட இதையும் சேத்துத் தின்னா கிட்னி கெட்டுப் போகும். வலிக்கு டாக்டர் வேற குடுப்பாங்க. ரத்தம் எடுக்கணும், கையை நீட்டுங்க."

"நேத்துத்தான எடுத்தீங்க?"

"இன்னைக்கும் எடுப்பேன்."

ஆனால் சொட்டுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டிய மனிதர். செடியை விரட்டினார், லாரியை விரட்டினார். தலைக்கு மேல் ஒரு பாட்டில் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டு, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் தன்னைக் காக்க வைப்பதை அவரால் சகிக்க முடியவில்லை. சசிரேகா அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரம் பார்த்து, எட்டி அந்த உருளையைத் தானே தள்ளித் திறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மருதாம்பாளின் அலறல் கேட்டது. "ஐயோ, சிஸ்டரம்மா! மூஞ்சியப் பாருங்க!"

உச்சந்தலையிலிருந்து நெஞ்சு வரை செக்கச் செவேலென்று ஏறியிருந்தது. கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு, "எரியுது, கண்ணு இருட்டுது" என்று குழறினார். சசிரேகா திரும்பினாள். ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு நேரம், கால் நகரவில்லை. அவள் செய்யாததை அவரே செய்துகொண்டார். இதைவிடச் சுத்தமாக ஒரு பழி கிடைக்குமா?

அம்மாவின் படிகள் நினைவுக்கு வந்தன. பாய்ந்து போய்க் குழாயை அடைத்தாள். தலையணையை எடுத்துக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் சொன்ன ஊசியைப் போட்டாள், ரத்த அழுத்தத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றாள். சிவப்பு மெல்ல இறங்கியது. மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, இன்னும் மெதுவாக ஏற்றலாம் என்றார் காயத்ரி.

மாரப்பன் அவள் முன்கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க போயிராதீங்க. அது முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

சசிரேகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்கார்றேன். சும்மா உக்கார மாட்டேன், பேசுவேன். நீங்க கேக்கணும்."

"பேசுங்க, பேசுங்க."

"காது இரையுதா? இந்த மருந்துல சிலருக்குக் காது பாதிக்கும்."

"இல்லீங்க, நல்லாக் கேக்குது."

"நல்லாக் கேக்கணும். ராக்கம்மா மகள் நான்."

அவர் எழப் பார்த்தார். கையில் குழாய், காலில் தலையணை அடுக்கு. எங்கே போவார்?

"எந்த ராக்கம்மாளோ, எனக்கு ஞாபகமில்லீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

சொன்னாள். காலையில் மருந்து ஏறும்போது கொஞ்சம், சாயங்காலம் ஏறும்போது கொஞ்சம். எழுத வேண்டியதை எழுதவும் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கவும் எழுந்து போவாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். குச்சி குத்தியது, சிரித்தது, அரைப் பேர், மழை. குரலை உயர்த்தவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டால் நாடி பார்க்கிற சாக்கில் எழுப்பினாள். சொட்டு அவசரப்படவில்லை, அவளும் அவசரப்படவில்லை.

மருதாம்பாள் கட்டிலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டு கேட்டிருந்தாள். ஒரு கட்டத்தில் உரிப்பதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ள சொல்றது நெசமா?"

மாரப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உரித்த ஆரஞ்சைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள் மருதாம்பாள். அதன் பிறகு சாப்பாட்டை வைப்பாளே தவிர, அவரோடு பேச்சில்லை.

பேனாக் கோட்டுக்குள் சிவப்பு சுருங்கியது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்தது. "நல்லாயிருச்சுல்ல, உட்டுருங்க" என்று கெஞ்சினார். "இன்னும் முடியல" என்றாள் சசிரேகா. மருந்தும் முடியவில்லை, கதையும் முடியவில்லை. டாக்டர் சொன்ன கடைசி பாட்டில் வரை ஏற்றினாள். அந்தப் பாட்டில் இறங்கும்போதுதான், சாயங்காலச் சங்கு ஊதியதும் அம்மாவை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போனாள் என்பதைச் சொல்லி முடித்தாள்.

ஊசியைக் கழற்றியபோது மருதாம்பாள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள். "ஏம் புள்ள, உங்க ஊடு எங்க இருக்குது? இவுரு மொதல்ல அங்க வரட்டும், நம்ம ஊட்டுக்கு அப்புறம் வரட்டும்."

"கால் இன்னும் தேறணும். மாத்திரை முடிச்சு, டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க," என்றாள் சசிரேகா. அதிலும் அவசரப்படவில்லை.

வந்தார்கள். சசிரேகாவுக்கு லீவு நாள், மத்தியானம் சாய்ந்திருந்தது. கல்படிகளில் முதலில் மருதாம்பாளின் தலை தெரிந்தது, அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி அவர். ராக்கம்மா வாசற்படியில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ராக்கம்மா, நான்..."

"பேச வேணாம். நில்லுங்க."

நின்றார். மருதாம்பாள் ஒதுங்கிப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள். பனிமூட்டம் ஏறி வந்து அவர் தோளை நனைத்தது. ஆறிய கால் நடுங்குவதைச் சசிரேகா கண்டாள். நர்சின் கை தன்னால் நாற்காலியைத் தேடிப் போனது. அம்மா திரும்பிப் பார்த்தாள். கை நின்றது.

கீழே பாக்டரியில் சங்கு ஊதியது.

"போங்க," என்றாள் ராக்கம்மா. "மத்தியானத்துக்கு மேல வந்தீங்க. இன்னைக்கு அரைப் பேரு."

மாரப்பன் திரும்பினார். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். பனிக்குள் அந்த உருவம் மறையும்வரை ராக்கம்மா கண்ணை எடுக்கவில்லை. பிறகு கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"நாளைக்குக் காலையிலயே வந்துருங்க! முழுப் பேரு போடுறேன்!"

சசிரேகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வருவாராம்மா?"

"ஏன் வர மாட்டான்?" ராக்கம்மா கட்டையை ஊன்றி எழுந்தாள். "காலு நல்லாத்தான இருக்கு."