இருபத்திரண்டு நிமிடம் அசையாமல்

ஸ்கேன் அறையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி முழுக்க ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், ஓயாத வாய். நோயாளியை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அனுப்பிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்தாளென்றால், “பயப்படாதீங்க, இதோ முடிஞ்சிடும், இன்னும் கொஞ்சந்தான்” என்று கடைசிப் படம் எடுத்து முடிக்கும்வரை நிறுத்த மாட்டாள். பெரியவர்களிடம் அது ஓரளவு பலித்தது. குழந்தைகளிடம் சுத்தமாகப் பலிக்கவில்லை. ‘பயப்படாதே’ என்று கேட்டதும்தான், பயப்பட இங்கே ஏதோ இருக்கிறது போல என்று அவர்கள் உஷாரானார்கள்.

அப்படி உஷாரானவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. வாயைத் திறந்தால் கேள்வி. பதில் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வி. அவளுடைய அப்பா அவளுக்கு ‘வக்கீல்’ என்று பட்டம் கட்டியிருந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். ஆறடி உயரம், நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம். மகளுக்கு மூன்று மாதமாகத் தலைவலி. பரீட்சை என்றால் வயிற்றுவலி, பூட்டிய அறை என்றால் படபடப்பு. அதெல்லாம் முன்பே உண்டு. தலைவலி புதிது என்பதால் டாக்டர் ஸ்கேன் எழுதியிருந்தார்.

முதல் தடவை, மெஷின் ‘டொக்’ என்று ஆரம்பித்ததுமே வக்கீல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவை மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தாள். பிறகு, கூப்பிட வேண்டுமென்றால் அழுத்து என்று கையில் கொடுத்திருந்த ரப்பர் குமிழை விடாமல் அழுத்திவிட்டாள். இன்னொரு முறை பாருங்கள், முடியாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மயக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெயிண்டருக்கு முகம் வெளுத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட, அவருடைய ஒரு மணி நேரம் காலியாகக் கிடைத்தது. அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள்.

ரேடியோவிடம் கைவசம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. குழந்தைகளின் பதற்றத்தைக் கையாள்வது பற்றிப் போன மாதம் ஊழியர்களுக்கு அரைநாள் வகுப்பு நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்ததால் அவள் பாதியில் கண்ணயர்ந்துவிட்டாள். மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள் என்பது மட்டும் நினைவில் தங்கியிருந்தது. ஆகவே வெளியே பெஞ்சில் வக்கீலைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாள்.

அரை நிமிடத்தில் வக்கீல் கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, பாக்காதப்ப அது நல்லாத்தான் போயிட்டு வந்துச்சு. பாத்ததும் மாட்டிக்கிச்சு. இப்ப நானே இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கு.”

அப்பா பதறிப்போய் முதுகைத் தடவ ஆரம்பித்தார். ரேடியோவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். அந்தச் சின்ன இடைவெளியில் வக்கீல், திறந்திருந்த ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்து, “உள்ள என்ன, குருவியா?” என்றாள்.

“எது?”

“கீச், கீச்னு கேக்குதே.”

ரேடியோ காதைத் தீட்டினாள். ஆமாம், கீச், கீச். அந்த மெஷினைக் குளிராக வைத்திருக்கும் பம்ப்பின் சத்தம் அது. இரவு பகல் நிற்காமல் ஓடுவது. பதினொரு வருடமாக அதே அறையில் வேலை பார்க்கிறாள். முதல் வாரத்தோடு அந்தச் சத்தத்தைக் காதிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

“உங்களுக்குக் கேக்காதா?” என்றாள் வக்கீல்.

“அது கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. நாந்தான் கேக்கல,” என்றாள் ரேடியோ.

பேச்சை அதோடு நிறுத்திவிட்டு அவளும் கேட்க ஆரம்பித்தாள். இன்னும் என்னென்ன கேட்கிறது என்று வக்கீல் விரல்விட்டு எண்ணினாள். ஏசியின் ஸ்ஸ். நடையில் போன தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் போட்ட கிறீச். யாரோ எங்கேயோ தாளைக் கிழித்த சர்ர். பிறகு ‘குர்ர்ர்’ என்று ஒன்று வந்தது. எங்கிருந்து என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தால், பெயிண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தார். மகளைப் பற்றிய கவலையில் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லையாம். வக்கீல் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வகுப்பில் தூங்கிய பாதியில் சொன்னது இதுதானோ என்று ரேடியோவுக்குத் தோன்றியது. மூச்சாகத்தான் இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம். எது இப்போது இருக்கிறதோ அதைக் கவனித்தால் போதாதா.

“இப்ப பயம் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

‘பயப்படாதே’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரேடியோ அதை மென்று விழுங்கினாள்.

“எங்க இருக்கு?”

இப்படி ஒரு கேள்வியை வக்கீலிடம் யாரும் கேட்டதில்லை. தொலைந்த ரப்பரைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தேடினாள். “தொப்புளுக்கு மேல. எலி மாதிரி ஓடுது.”

“சரி, ஓடட்டும். விரட்ட வேணாம். அது என்ன பண்ணுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

வக்கீல் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்டரால் பொறுக்க முடியவில்லை. “போயிடுச்சாம்மா?” என்றார்.

“போகலப்பா. அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்கு இருக்கேன்.”

அடுத்து ரேடியோ செய்தது அவளே அந்தக் கணத்தில் யோசித்தது. தினமும் காலையில் மெஷினைச் சோதிக்க தண்ணீர் அடைத்த ஒரு பிளாஸ்டிக் உருண்டையை உள்ளே வைத்துப் படம் எடுப்பாள். இதுதான் என் முதல் நோயாளி, இதுவரை ஒரு தடவைகூட அசைந்ததில்லை என்று சொல்லி, வக்கீலையே அதைத் தூக்கிக் கட்டிலில் வைக்கச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு மெஷினை ஓட்டினாள். இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சத்தமாக வந்தது. வக்கீல் ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்: டொக் டொக் டொக், வாடகை கேக்க வந்தவர். டகடகடக, தையல் மெஷின். மே மே மே, ஜலதோஷம் பிடிச்ச ஆடு. நான்காவது சத்தத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. பரவாயில்லை, பெயர் இல்லாமலே கேட்கலாம் என்றாள் ரேடியோ.

“நானும் அந்த உருண்டை மாதிரியே படுக்கணுமா?”

“தலையை மட்டும் அசைக்காத, போதும். மனசு எங்க வேணா போகட்டும். போயிடுச்சுன்னு தெரிஞ்சா திரும்பி வந்து சத்தத்தக் கேளு. எத்தனை தடவை போனாலும் தப்பில்ல.”

ஒருவழியாக வக்கீல் படுத்தாள். துணைக்கு அப்பாவும் உள்ளே இருக்கலாம், ஆனால் உடம்பில் துளி உலோகம் இருக்கக் கூடாது. பெயிண்டர் மோதிரத்தைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார், கடைசியில் பெல்ட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. அது சற்றுத் தொளதொளப் பேன்ட். ஒரு கையால் பேன்ட்டையும், மறு கையால் மகளின் கால் கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டு, காதில் பெரிய அடைப்பானோடு அந்த ஆறடி மனிதர் நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்த ரேடியோ, சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மொத்தம் ஆறு படங்கள், இருபத்திரண்டு நிமிடம். வக்கீலுக்கு அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமோ, ரேடியோவுக்குப் பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டம். ஒவ்வொரு படத்துக்கு முன்னும், “அடுத்தது நாலு நிமிஷம்” என்பதுபோல ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, கை தானாக மைக் பக்கம் போகாமலிருக்க அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வாடகை கேட்டவர் வந்து போனார். தையல் மெஷின் ஓடி நின்றது. திரையில் வந்த படங்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன.

நான்காவதில் மணி அடித்தது. வக்கீல் குமிழை அழுத்திவிட்டாள்.

ரேடியோ மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். பெயிண்டர் அதற்குள் மகளை வெளியே இழுக்கவே தயாராகிவிட்டார், பேன்ட்டை விட முடியாததுதான் அவரைத் தடுத்தது.

“என்னாச்சு கண்ணு?”

“பயம் பெருசா வந்துச்சு. அத யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு,” என்றாள் வக்கீல், தலையை அசைக்காமல், கூரையைப் பார்த்தபடியே.

“வெளிய வரணுமா?”

வக்கீல் தனக்குள் ஓடும் எலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது ரேடியோவுக்குப் புரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

“வேணாம். சொல்லியாச்சு. நீங்க போடுங்க. அப்பாகிட்ட மட்டும் விரல இவ்வளவு அழுத்த வேணாம்னு சொல்லுங்க, அவர் பயப்படறது எனக்குக் கால்ல தெரியுது.”

நான்காவது படத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். பிறகு ஐந்தாவது, ஆறாவது. கட்டில் வெளியே வந்தபோது வக்கீல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது அப்பாவுக்குத்தான். துடைக்க ஒரு கை வேண்டுமே என்று அவர் தவித்தார். முதலில் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் சார், அப்புறம் நிம்மதியாக அழலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினாள் ரேடியோ.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. மூளையில் ஒன்றுமில்லை. மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் சளி கட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பத்து நாள் மருந்தில் தலைவலி விட்டுப்போனது. பரீட்சை நாளின் வயிற்றுவலி விட்டுப்போகவில்லை. ஆனால் அதற்காக இப்போது அவள் பள்ளிக்கு மட்டம் போடுவதில்லை என்று பெயிண்டர் போன் செய்து சொன்னார். அதோடு, உயரமான சுவர்களுக்குச் சாரம் ஏறும்போது தனக்கும் வருடக்கணக்காக உள்ளுக்குள் உதறல் உண்டென்றும், யாரிடமும் சொன்னதில்லை என்றும், மகளிடம் சொன்னதற்கு, “எங்க உதறுதுன்னு பாத்தீங்களா?” என்று அவள் குறுக்கு விசாரணை செய்ததாகவும் சொன்னார்.

குழந்தைகள் வரும் நாட்களில் கால் மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று ரேடியோ மேலதிகாரியிடம் போய் நின்றாள். வெறுமனே உட்கார்ந்து சத்தம் கேட்கவா என்று அவர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு மாதத்தில் மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பாதியானதும், கேட்டதைக் கொடுத்துவிட்டார். எல்லாக் குழந்தைகளுக்கும் அது உதவவில்லை. சிலர் அழுதார்கள், சிலருக்கு மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரேடியோ அதற்காக அவர்களையும் நொந்துகொள்ளவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை.

போன வாரம் வந்த ஐந்து வயதுப் பையனோ ஒருபடி மேலே போய்விட்டான். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்தவன், மூன்றாவது படத்தில் நன்றாகத் தூங்கிப்போய்க் குறட்டை விட ஆரம்பித்தான். ஒவ்வொரு குறட்டைக்கும் தலை ஆட, படமெல்லாம் கலங்கிப்போயிற்று. எழுப்பிவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று உதவியாள் கேட்டாள். ரேடியோ உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மெஷினை நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.