மணிக்கட்டில் ஒரு சாட்சி

கூதிர்க்காலம் மெல்ல வந்து அமர்ந்திருந்தது. வானம் கறுத்துத் தாழ்ந்து, பகலுக்கும் அந்திக்கும் இடையிலான எல்லையை அழித்திருந்தது. இலை உதிர்த்த மரங்கள் ஈரத்தில் தவசிகளைப் போல நின்றன. வாடைக்காற்று சாளரங்களைத் தட்டிப் பார்த்து, திறப்பார் இன்றி அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

அந்த ஈரத்தோடு குடையை மடக்கிக்கொண்டு, சர்வேயரும் அவர் மனைவியும் நரம்பியல் மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிலங்களை அளந்து எல்லைக்கல் நட்ட கை அவருடையது. ஓய்வு பெற்ற பின் பார்க்கின்சன் நோய் அதைப் பிடித்துக்கொண்டது. கை எப்போது நடுங்குகிறது, எப்போது மந்தப்படுகிறது என்று பதிந்துகொள்ளும் பட்டை ஒன்று, ஒரு வாரமாக அவர் மணிக்கட்டில் இருந்தது.

“என்கிட்ட மறைக்கலாம். இதுகிட்ட நடக்காது,” என்று அவள் பட்டையைத் தட்டினாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து நீ பார்த்த வேலைதானே. இனி உனக்கு ஓய்வு,” என்றார் அவர்.

மருத்துவர் பட்டையைக் கழற்றிக் கணினியோடு இணைத்தார். திரையில், பகலெல்லாம் குளத்து நீராகக் கிடந்த கோடு, அந்திதோறும் அலையாக எழுந்திருந்தது.

“மத்தியான மாத்திரையோட வேகம் சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடுது போல. இன்னொரு வேளை சேர்க்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அது நடுக்கம் இல்ல, டாக்டரம்மா. அந்த நேரம் இவர் சாமி முன்னால உட்கார்ந்து மணிமாலை உருட்டுவார்.”

“அப்படியா? விரல் உருட்டினாலும் நடுங்கினாலும் பட்டைக்குச் சில சமயம் ஒண்ணுபோலத்தான் தெரியும். அப்ப மருந்து இப்படியே இருக்கட்டும்.”

சர்வேயர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பட்டை சரியாத்தான் சொல்லுது,” என்றார் கடைசியில். “நான் மணி உருட்டி ரெண்டு மாசம் ஆச்சு. விரல் சொன்ன பேச்சு கேக்கல. நடுங்குற கைமேல மாலைய போட்டுக்கிட்டா உருட்டுற மாதிரியே இருக்கும். இவளும் நிம்மதியா இருப்பா.”

அவள் தலை குனிந்தாள். அவர் வழிபாடு கலையக் கூடாதென்று, அந்த நேரத்தில் சமையலறைக் குழாயைக்கூட நூலளவே திறந்து வந்தவள் அவள்.

“சாமிகிட்டயாவது சொன்னீங்களா?”

“அவருக்குத் தெரியாதா என்ன.”

“அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாது.”

மருத்துவர் சாயங்கால மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று அந்தியில் அவள் சமையலறையில் நிற்கவில்லை. அவர் அருகே வந்து அமர்ந்து, மணிமாலையைத் தன் கையில் எடுத்தாள். நடுங்கும் அவர் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். அவர் வாய் நாமம் சொல்ல, அவள் விரல் மணியை நகர்த்தியது. இரு கைகளும் சேர்ந்தே நடுங்கின. மணி ஒன்றும் தவறவில்லை.

முடிந்ததும் அவர் கை தடுமாறி உயர்ந்து அவள் உச்சியில் படிந்தது.

“நீ நல்லா இருக்கணும்மா. கை நடுங்குற எல்லாருக்கும் பக்கத்துல ஒரு கை இருக்கணும்.”