மேட்டு வீட்டுக்குப் போகாத தண்ணீர்

வங்கி அதிகாரி காரைப் பின்னால் எடுத்தபோது சக்கரம் புல்தரை ஓரத்தில் ஏறி இறங்கியது. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தலை உடைந்தது. அன்று முதல், காலையில் அது தானாகத் திறக்கும் நேரத்தில், தண்ணீர் தூறலாகச் சிதறாமல் ஆள் உயரத்துக்குப் பீறிட்டுத் தெருவில் ஓடியது.

"அதை என்னன்னு பாருங்களேன்," என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

"எந்த மாசத்து ஞாயிறு?"

அவர் மழுப்பிவிட்டுக் கிளம்பினார். ஞாயிறுகள் வந்து போயின. புல் பச்சையாகத்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு நாள் காலை அழைப்பு மணி அடித்தது. தெருவின் மேட்டில் கடைசி வீட்டில் இருக்கும் தையல்கார அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு ஸ்பேனர்.

"தப்பா நெனைக்காதீங்க சார். தெருவுக்கே ஒரே லைன்தானே, இது ஓடுற நேரம் மேட்டுல எங்க குழாய்ல காத்துதான் வருது. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். அவரைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன், பாதியில தண்ணி நின்னுபோச்சு. சோப்பு நுரையோட கிடக்கார்."

அதிகாரி வெறுங்காலோடு ஓடிப்போய் வால்வை மூடினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா," என்றார்.

"சொன்னா சண்டையாயிடுமோன்னு பயம். இன்னைக்கும் வெறுங்கையோட வந்தா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்னுதான் இதை எடுத்துட்டு வந்தேன்."

"ஸ்பேனரோட வந்தாதான் அப்படி இருக்கும்," என்று மனைவி சொல்ல, அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு மனைவியும் அவரோடு மேடேறினாள்.

அதிகாரி அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு மண்ணைத் தோண்டினார். உடைந்த துண்டு குழாய்க்குள்ளேயே சிக்கியிருந்தது. கத்தியின் நுனியைக் கொடுத்துத் திருகினார். வழுக்கியது, விரலில் கீறியது. ஒருவழியாகத் துண்டு வெளியே வந்ததும், வால்வைக் கொஞ்சம் திறந்து குழாயில் இருந்த மண்ணைக் கழுவிவிட்டார். கடைக்குப் போய்ப் புதுத் தலை வாங்கிவந்து, மரையில் டேப் சுற்றி, அந்த அம்மாவின் ஸ்பேனராலேயே இறுக்கினார். திறந்து பார்த்தார். தண்ணீர் புல்லோடு நின்றது. தெரு காய்ந்தே கிடந்தது.

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க மேட்டு வீட்டுக்குப் போனார். சலவைச் சட்டையும் வாரிய தலையுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மாவின் கணவர், கைகூப்ப முடியாமல் ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கினார்.

"ரொம்ப உபகாரம் சார்," என்றார் தையல்கார அம்மா.

அதிகாரி கணவர் தூக்கிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்க்கா உங்களுக்கு நன்றி சொல்லணும். மனசுல கறுவிக்கிட்டு இருக்காம வந்து கதவைத் தட்டுனீங்க. குழாய் என் வாசல்ல இருக்கலாம், தண்ணி தெருவுக்கே பொது. நான் வீணாக்குற தண்ணி இன்னொருத்தருக்குக் கிடைக்காமப் போற தண்ணின்னு எனக்கு இன்னைக்குத்தான் உறைச்சுது."